சிக்ஸ்வேஸில் கடைசி ஆட்டம்

முட்டைப் பந்தும் பணப்பெட்டியும்: வரலாற்றுத் தொடர், பகுதி 14

இதுவரை: 1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம், ஆட்டக்காரர்கள் இனி சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. அதுவரை காசு வாங்குவதைக் குற்றமாகப் பார்த்த ஓர் ஆட்டம் ஒரே அறிவிப்பில் தொழிலானது. இங்கிலாந்தில் கிளப்புகளைத் தாங்கிப் பிடிக்கச் செல்வந்தர்கள் வந்தார்கள். நியூகாசிலுக்கு சர் ஜான் ஹால், சாரசென்ஸுக்கு நைஜல் ரே. 2018 டிசம்பரில் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் பிரீமியர்ஷிப் லீக்கின் 27 சதவீதப் பங்கை சுமார் 20 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மறு ஆண்டே சம்பள உச்சவரம்பை மீறியதற்காக சாரசென்ஸுக்கு 53.6 லட்சம் பவுண்டு அபராதமும் 35 புள்ளிகள் வெட்டும் விழுந்தன. 2020-ல் ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகளில் ஒன்றான அது இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது.

அந்த அதிர்ச்சி அடங்கும் முன்பே கொரோனா வந்து மைதானங்களைப் பூட்டியது.

* * *

பாய்லர் செய்தவரின் கனவு

வூஸ்டர் இங்கிலாந்தின் மேற்கு நடுப்பகுதியில் உள்ள நடுத்தர ஊர். அங்கே 1871-லிருந்து ஒரு ரக்பி கிளப் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊருக்கு வெளியே அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அந்த நிலையை மாற்றியவர் செசில் டக்வொர்த் என்ற பொறியாளர். வீட்டுக்கு வெந்நீரையும் குளிர்காலத்துக்கு அறைச்சூட்டையும் ஒரே பெட்டியில் தரும் பாய்லரைத் தயாரித்து விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தவர். 1962-ல் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ஜெர்மனியின் பாஷ் குழுமத்துக்குப் போனது. கையில் வந்த பணத்தில் ஒரு பெரும் பகுதியை அவர் தன் ஊர்க் கிளப்பில் போட்டார்.

கிளப் ஒவ்வொரு படியாக ஏறியது. 2003-04 பருவத்தில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய 26 ஆட்டங்களிலும் வென்று பிரீமியர்ஷிப்புக்குள் நுழைந்தது. எம்5 நெடுஞ்சாலையின் ஆறாவது சந்திப்பை ஒட்டிய சிக்ஸ்வேஸ் மைதானம் சுமார் 12,000 பேர் அமரும் அளவுக்கு வளர்ந்தது. அதன் பிறகு இரண்டு முறை கீழே இறங்கினார்கள். இரண்டு முறையும் மறு ஆண்டே ஏறி வந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வூஸ்டர் மேலே வந்தது ஆடி வென்றதால். ஆனால் ஆடி வெல்லத் தேவையான ஆட்களையும் மைதானத்தையும் தந்தது ஒரே ஒரு மனிதரின் பணம். அந்த மனிதர் விலகினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வூஸ்டரிடம் மட்டுமல்ல, லீக்கில் இருந்த பெரும்பாலான கிளப்புகளிடமும் பதில் இல்லை.

டக்வொர்த் கிளப்பின் பொறுப்பை மற்றவர்களிடம் விட்டார். 2020 நவம்பரில் காலமானார். அதற்குள் கிளப் புதிய உரிமையாளர்களின் கைக்கு மாறியிருந்தது.

* * *

வரவும் செலவும்

ஒரு கிளப்பின் கணக்கைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். 13 அணிகள் இருந்த லீக்கில் ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் கிடைப்பவை 12 லீக் ஆட்டங்கள். ஐரோப்பியப் போட்டியும் உள்ளூர்க் கோப்பையும் சேர்ந்தால் இன்னும் சில. மற்ற நாள்களில் அந்தப் பெரிய மைதானம் கல்யாணத்துக்கும் கம்பெனிக் கூட்டத்துக்கும் வாடகைக்குப் போனால் உண்டு. தொலைக்காட்சிப் பணம் வரும். ஆனால் கால்பந்துக்கு வருவதோடு அதை ஒப்பிடவே முடியாது. அதிலும் 27 சதவீத உரிமையை சிவிசிக்கு விற்றாகிவிட்டது. விற்றபோது ஒவ்வொரு கிளப்புக்கும் கிடைத்த மொத்தத் தொகை சில ஆண்டுச் சம்பளத்தில் கரைந்தது. வருமானத்தில் கொடுக்க வேண்டிய பங்கு மட்டும் ஆண்டுதோறும் தொடர்ந்தது.

செலவுப் பக்கத்தில் முதல் வரி ஆட்டக்காரர்களின் சம்பளம். கொரோனாவுக்கு முன் அடிப்படை உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டு. நட்சத்திர ஆட்டக்காரர்கள் இருவரின் சம்பளம் அப்போது அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. உச்சவரம்பு என்பது 'இதற்கு மேல் போகாதே' என்ற எல்லை. நடைமுறையில் அது எட்டியே தீர வேண்டிய இலக்காக மாறியது. பக்கத்துக் கிளப் அந்த அளவுக்குச் செலவழிக்கும்போது தான் மட்டும் குறைத்தால் தோற்க வேண்டும். தோற்றால் கீழே இறங்க வேண்டும். ஆகவே எல்லோரும் செலவழித்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் நட்டம் கண்டார்கள். பல ஆண்டுகளாக லாபம் காட்டிய கிளப் என்று எல்லோரும் விரல் நீட்டியது எக்ஸெட்டரை மட்டுமே.

கொரோனா காலத்தில் டிக்கெட் வருமானம் அப்படியே நின்றது. பிரிட்டிஷ் அரசு விளையாட்டு அமைப்புகளுக்குக் கடன் தந்தது. அதில் ரக்பி யூனியன் ஆட்டத்துக்கு மட்டும் சுமார் 12 கோடி பவுண்டு போனது. கிளப்புகள் உச்சவரம்பை 50 லட்சமாகக் குறைத்துக்கொண்டன. அரசுப் பணம் மானியமாக வரவில்லை, கடனாக வந்தது. ஏற்கெனவே உரிமையாளரின் தயவில் ஓடிக்கொண்டிருந்த கிளப்புகளின் தலையில் இன்னொரு சுமை ஏறியது.

* * *

2022, செப்டம்பர்

ஆகஸ்ட் மாதம் செய்தி கசிந்தது. வூஸ்டர் கிளப் வரித்துறைக்குச் சுமார் 60 லட்சம் பவுண்டு பாக்கி வைத்திருக்கிறது. நிறுவனத்தைக் கலைக்கக் கோரி வரித்துறை நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அரசிடம் வாங்கிய கொரோனாக் கடனும் ஒன்றரைக் கோடி பவுண்டு அளவில் நின்றது. மைதானத்தைச் சுற்றியிருந்த நிலத்தின் ஒரு பகுதி யார் பெயருக்குப் போனது என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை எழுந்தது.

மாதச் சம்பளம் தடுமாறியது. அலுவலகப் பணியாளர்களுக்கு அந்த மாதம் 65 சதவீதச் சம்பளமே வந்தது. டிக்கெட் விற்பவர்கள், புல்தரையைப் பராமரிப்பவர்கள், சமையல்காரர்கள், உடற்பயிற்சி நிபுணர்கள் என்று ரக்பி ஆடாத ஒரு பெரிய கூட்டம் அந்தக் கிளப்பை நம்பிக் குடும்பம் நடத்தியது. ரக்பி வரலாற்றை எழுதுகிறவர்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த மாதம் மைதானக் கதவுகள் திறந்திருந்ததற்குக் காரணம் இவர்கள்தான்: குறைந்த சம்பளத்தோடும் வந்து வேலை செய்தார்கள்.

செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. எக்ஸெட்டருக்கு எதிரான ஆட்டத்துக்கு 4,999 பேரை மட்டுமே அனுமதிக்க முடிந்தது. அதற்கு மேல் கூட்டத்தை உள்ளே விடப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு வழியில்லை. வூஸ்டர் தோற்றது.

செப்டம்பர் 24, சனிக்கிழமை. நியூகாசில் வந்தது. அடுத்த வாரம் சம்பளம் வருமா, வேலை இருக்குமா என்று தெரியாத ஆட்டக்காரர்கள் அன்று 39-5 என்று எதிரணியை நொறுக்கினார்கள். தொழில்முறை ரக்பியின் முப்பது ஆண்டு வரலாற்றில், காசுக்காக மட்டும் ஆடப்படாத ஆட்டங்களைப் பட்டியலிட்டால் இதற்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும்.

இங்கிலாந்து ரக்பி சங்கம் ஏற்கெனவே கெடு விதித்திருந்தது. செப்டம்பர் 26, திங்கள் மாலை 5 மணி. அதற்குள் மூன்றைக் காட்ட வேண்டும்: காப்பீடு, சம்பளத்துக்கான பணம், கிளப்பை மீட்கும் நம்பகமான திட்டம்.

மணி ஐந்து ஆனது. எதுவும் வரவில்லை.

ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் எல்லாப் போட்டிகளிலிருந்தும் இடைநீக்கம் செய்யப்பட்டன. கிளப்பை நடத்திய நிறுவனம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. யாராவது வாங்க வரும்வரை உயிரைப் பிடித்து வைக்கலாம் என்ற எண்ணம் இன்னும் மிச்சம் இருந்தது.

* * *

அக்டோபர் 5: நீதிமன்றத்தில் சில நிமிடங்கள்

இங்கேதான் ஒரு சிறிய சட்ட ஏற்பாடு பெரிய திருப்பமாக மாறியது.

ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் கிளப்பின் முதன்மை நிறுவனத்தின் பெயரில் இல்லை. 'டபிள்யூஆர்எஃப்சி பிளேயர்ஸ் லிமிடெட்' என்ற தனி நிறுவனத்தின் பெயரில் இருந்தன. திவால் நிர்வாகம் முதன்மை நிறுவனத்தைக் காத்தது. இந்த இரண்டாவது நிறுவனம் வரித்துறையின் மனுவுக்கு முன் தனியாக நின்றது.

அக்டோபர் 5, புதன்கிழமை. லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. பாக்கி இருக்கிறது, எதிர்வாதம் இல்லை, நிறுவனம் கலைக்கப்படுகிறது. அந்த உத்தரவோடு அத்தனை ஒப்பந்தங்களும் செத்தன. ஆட்டக்காரர்கள் வேலையற்றவர்கள் ஆனார்கள்.

ஒரு கிளப்புக்கு மைதானம் இருக்கலாம், பெயர் இருக்கலாம், 151 ஆண்டுச் சரித்திரம் இருக்கலாம். ஆட்டக்காரர்கள் இல்லையென்றால் யாரை இறக்கி ஆடுவது? மறுநாள் வூஸ்டர் அந்தப் பருவம் முழுவதற்கும் விலக்கப்பட்டது. அணித்தலைவர் டெட் ஹில் உட்படச் சிலர் பாத் கிளப்புக்குப் போனார்கள். இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். பருவம் தொடங்கிவிட்டதால் மற்ற கிளப்புகளின் சம்பளக் கணக்கு நிரம்பியிருந்தது.

அதே ஆண்டு மே மாதத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். லண்டன் பிரென்ட்ஃபோர்டில் நடந்த பிரீமியர்ஷிப் கோப்பை இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 25-25 என்று சமனில் நின்றது. அதிக டிரை அடித்த அணி என்ற கணக்கில் வூஸ்டர் கோப்பையைத் தூக்கியது. எதிரே நின்ற அணி லண்டன் ஐரிஷ்.

அந்த இரவு மைதானத்தில் நின்ற இரண்டு கிளப்புகளும் 13 மாதங்களுக்குள் லீக்கில் இல்லாமல் போயின.

* * *

வாஸ்ப்ஸ், பிறகு ஐரிஷ்

வூஸ்டர் சிறிய ஊர்க் கிளப், தாங்கவில்லை என்று சொல்லி ஆறுதல் அடைய வழியிருந்தது. பன்னிரண்டே நாளில் அந்த ஆறுதலும் போனது.

வாஸ்ப்ஸ் 1867-ல் பிறந்த கிளப். ஆறு முறை இங்கிலாந்து சாம்பியன். 2004-லும் 2007-லும் ஐரோப்பிய சாம்பியன். லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மைதானம் மாறி மாறி வாழ்ந்த அந்தக் கிளப், 2014-ல் நூறு மைலுக்கு அருகில் தள்ளியிருக்கும் கோவென்ட்ரிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 32,000 பேர் அமரும் அரங்கம் ஒன்று விலைக்குக் கிடைத்தது. சொந்த அரங்கம் இருந்தால் ஆட்டமில்லாத நாள்களிலும் வருமானம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லை, அதற்கான முதலீடு கடனாக இருந்ததுதான் தப்பு. 2015-ல் பொதுமக்களுக்குக் கடன்பத்திரம் விற்று 3.5 கோடி பவுண்டு திரட்டினார்கள். வட்டி 6.5 சதவீதம். வாங்கியவர்களில் ரசிகர்களும் இருந்தார்கள்.

அசலைத் திருப்பித் தர வேண்டிய நாள் 2022 மே மாதம் வந்தது. பணம் இல்லை. வரித்துறைக்கும் பாக்கி. அக்டோபர் 17-ல் கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனது. அன்றே 167 பேர் வேலையிழந்தார்கள். சில வாரங்களில் அரங்கத்தைத் தொழிலதிபர் மைக் ஆஷ்லியின் ஃப்ரேசர்ஸ் குழுமம் வாங்கிக்கொண்டது.

வேலையிழந்தவர்களில் ஜாக் வில்லிஸ் என்ற இங்கிலாந்து அணி ஆட்டக்காரரும் ஒருவர். அவர் பிரான்ஸின் துலூஸ் கிளப்பில் சேர்ந்தார். 2023-ல் பிரெஞ்சு சாம்பியன், 2024-ல் ஐரோப்பிய சாம்பியன். வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவரை இங்கிலாந்து அணியில் சேர்ப்பதில்லை என்பது விதி. இங்கிலாந்து வளர்த்த ஆட்டக்காரரின் உச்ச ஆண்டுகள் பெரும்பாலும் பிரான்ஸுக்கே போயின.

லண்டன் ஐரிஷின் முடிவு இன்னும் வேதனையானது. மைதானத்தில் அவர்கள் தோற்கவில்லை. 2022-23 பருவத்தை ஐந்தாம் இடத்தில் முடித்தார்கள். உரிமையாளர் மிக் கிராஸன் விற்க விரும்பினார். ஓர் அமெரிக்கக் குழு வாங்குவதாகச் சொன்னது. கெடு வந்தது, பணம் வரவில்லை. 2023 ஜூன் 6-ல் 1898-ல் தொடங்கிய கிளப்பின் பெயர் லீக் பட்டியலிலிருந்து நீங்கியது.

13 அணிகளோடு தொடங்கிய பருவம். அடுத்த பருவம் 10 அணிகளோடு தொடங்கியது.

* * *

கதவின் இரு பக்கம்

2022 நவம்பரில் நாடாளுமன்றக் குழு ரக்பி சங்கத்தின் தலைமை அதிகாரி பில் ஸ்வீனியையும் லீக்கின் தலைமை அதிகாரி சைமன் மாஸி-டெய்லரையும் அழைத்துக் கேள்வி கேட்டது. கேள்விகளின் சாரம் எளிமையானது: கிளப்பை வாங்குபவர் யார், அவரிடம் பணம் இருக்கிறதா, கணக்கு சரியா என்று ஆண்டுதோறும் பார்த்தது யார்? மனநிறைவான பதில் கிடைக்கவில்லை. நிதிக் கண்காணிப்புக் குழு ஒன்று பிறகுதான் வந்தது.

கால்வாயைக் கடந்தால் வேறு காட்சி. பிரான்ஸின் டாப் 14 லீக்கில் கிளப்புகளின் வரவுசெலவைச் சோதிக்கத் தனி அமைப்பு உண்டு. பட்ஜெட்டைக் காட்ட வேண்டும். ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். முடியாவிட்டால் மைதானத்தில் எந்த இடத்தில் முடித்திருந்தாலும் கீழே இறக்கிவிடுவார்கள். 2000-ல் துலோன் கிளப்புக்கு அதுதான் நடந்தது. ஊரே கொதித்தது. ஆனால் கிளப் சாகவில்லை. 2008-ல் நிலையாக மேலே திரும்பியது. 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. கீழே இறக்கியவர்கள்தான் அதைக் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. பிரான்ஸில் பெரும் செல்வந்தர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுடைய கணக்கையும் ஒருவர் புரட்டிப் பார்க்கிறார் என்பதே வேறுபாடு.

இங்கிலாந்துக் கிளப்புகள் வேறு பாடம் படித்தன. கீழே இறங்கும் பயம்தான் எல்லோரையும் அளவுக்கு மீறிச் செலவழிக்க வைக்கிறது. ஆகவே கதவைச் சாத்தி, உள்ளே இருப்பவர்களுக்கு நிலையான இடம் கொடுத்தால் முதலீட்டாளர் தைரியமாக வருவார் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க விளையாட்டு லீக்குகள் அப்படித்தான் இயங்குகின்றன.

இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதன் மறுபக்கத்தில் எக்ஸெட்டர் நிற்கிறது. 2010-ல் இரண்டாம் நிலையிலிருந்து ஆடி ஏறி வந்த கிளப், 2017-ல் சாம்பியன், 2020-ல் இங்கிலாந்து, ஐரோப்பா இரண்டுக்கும் சாம்பியன். லீக்கிலேயே கணக்கை ஒழுங்காக வைத்திருந்ததாகப் பேர் எடுத்ததும் அதுவே. வூஸ்டரும் எக்ஸெட்டரும் வந்தது ஒரே கதவு வழியாக. ஒன்று வாழ்ந்தது, ஒன்று வீழ்ந்தது. அப்படியானால் குற்றம் கதவில் இருக்கிறதா, கதவருகே கணக்குப் பார்க்க ஆளில்லாததில் இருக்கிறதா? 2022-ன் ஆவணங்களைப் படிக்கும் எவருக்கும் இரண்டாவதுதான் கண்ணில் படும்.

நடைமுறையில் கதவு ஏற்கெனவே முக்கால்வாசி மூடியிருந்தது. ஆட்டத்தில் தோற்றுக் கடைசி இடம் பிடித்ததால் இறங்கிய கடைசி அணி 2019-ன் நியூகாசில். கீழேயிருந்து மேற்கு லண்டனின் ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ் 2022, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் இரண்டாம் நிலை சாம்பியன் ஆனது. மூன்று முறையும் மேலே போகவில்லை. 2022-ல் தடுத்தது 10,001 பேர் அமரும் மைதானம் வேண்டும் என்ற விதி. இரண்டாம் நிலை லீக்குக்கு ரக்பி சங்கம் தந்த நிதி 2020-ல் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. 2023-ல் அதன் சாம்பியனான ஜெர்சி ரெட்ஸ், கோப்பை வாங்கிய சில மாதங்களில் செப்டம்பரில் கடையைச் சாத்தியது.

* * *

காளைகள் வந்த கோடை

2025 ஆகஸ்டில் நியூகாசில் கிளப்பை ரெட் புல் நிறுவனம் வாங்கியது. கால்பந்திலும் கார் பந்தயத்திலும் அணிகள் நடத்திப் பழகிய நிறுவனம். கிளப்பின் பெயரே நியூகாசில் ரெட் புல்ஸ் என்று மாறியது. 1995-ல் ஜான் ஹால் என்ற உள்ளூர்ச் செல்வந்தர் வாங்கிய அதே கிளப், முப்பது ஆண்டில் ஒரு பன்னாட்டு வணிகச் சின்னத்தின் கைக்குப் போனது. லீக்கும் 'பிரெம்' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. அந்தப் பருவத்தில் வூஸ்டர் புதிய உரிமையாளரோடு இரண்டாம் நிலையில் மீண்டும் பெயர் பதித்தது. மேலே ஏறும் ஏணி இருக்குமா என்பது உறுதியில்லாமலே ஆட வந்தது.

பத்துக் கிளப்புகளும் கதவைச் சாத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டையே சுற்றிக்கொண்டு இன்னொரு பாதை திறந்தது. 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் மைக் டிண்டல் முன்னின்ற 'ஆர்360' என்ற திட்டம். ஊர் இல்லை, பழைய கிளப் இல்லை. நகரத்துக்கு நகரம் பறக்கும் புதிய அணிகள். உலகின் சிறந்த ஆட்டக்காரர்களை நேரடியாகவே விலைபேச அது புறப்பட்டது. 2025 அக்டோபரில் எட்டு நாட்டு ரக்பி சங்கங்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு எச்சரித்தன: அதில் சேருபவருக்கு நாட்டு அணியில் இடமில்லை. மறு மாதமே அந்தத் திட்டம் தன் தொடக்கத்தை 2028-க்குத் தள்ளிவைத்தது.

பயந்து பின்வாங்கியதா, நேரம் வாங்கிக்கொண்டதா? 2028-ல் அது பணப்பெட்டியோடு திரும்பி வந்தால், வூஸ்டரில் ஒரே நாளில் ஒப்பந்தம் செத்துப்போனதைக் கண்ட தலைமுறை ஆட்டக்காரர்களை எந்தக் கிளப் எதைச் சொல்லி நிறுத்தி வைக்கும்?

(தொடரும்)